தொட்டிக் கணக்கும் வேலிக் கணக்கும்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு ரியூசன் வகுப்பில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு குழாய்கள் சேர்ந்து தொட்டியை நிரப்பும் கணக்கை நாலு தரம் செய்து காட்டினேன். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கிழமை, அண்ணனும் தம்பியும் சேர்ந்து வேலி அடைக்கும் கணக்கைக் கொடுத்தேன். எண்கள்கூட அதே எண்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் மனிதர்கள் புதுப் பிரச்சினையைத் தீர்க்கிறார்கள் என்று படித்தோமே. அது உண்மையில் நடக்கிறதா? நடக்கிறதென்றால் என் வகுப்பில் ஏன் நடக்கவில்லை?"

நடக்கிறது, தங்கச்சி. உங்கள் வகுப்பில் அது நடக்காமல் போனதும் புதினமில்லை. இந்த இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டால்தான் படிப்பிக்கிற முறையில் எதை மாற்ற வேண்டும் என்று பிடிபடும். நான் முப்பது வருடத்துக்கு மேல் வலிகாமத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். அதே பேனை கடிப்பை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றுதான் கனகாலம் நினைத்தேன், ஏசியும் இருக்கிறேன். ஒப்புமை பற்றி உளவியலாளர்கள் செய்த ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது அநியாயமான ஏச்சு என்று உறைத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய புதிர். கார்ல் டுங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1930களில் பயன்படுத்தியது. ஒரு நோயாளியின் வயிற்றில் ஒரு கட்டி. சத்திரசிகிச்சை செய்ய முடியாது. கட்டியை அழிக்கக்கூடிய கதிர் ஒன்று இருக்கிறது. ஆனால் கட்டி அழியும் அளவுக்குப் பலமாக அடித்தால் போகிற வழியில் உள்ள நல்ல தசையும் கருகிவிடும். நல்ல தசை தாங்கும் அளவுக்குக் குறைத்தால் கட்டிக்கு ஒன்றும் ஆகாது. என்ன செய்யலாம்? மேலே வாசிக்க முதல் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

விடை இதுதான். பலம் குறைந்த கதிர்களைப் பல பக்கங்களில் இருந்தும் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒவ்வொன்றும் தான் போகிற வழியில் சேதம் செய்யாது, எல்லாம் வந்து சந்திக்கிற கட்டியில் மட்டும் பலம் கூடும். இன்று மூளைக் கட்டிகளுக்குப் பயன்படுத்தும் காமா கத்தி என்ற கருவி ஏறத்தாழ 200 மெல்லிய கதிர்க்கற்றைகளை இப்படித்தான் ஒரு புள்ளியில் குவிக்கிறது.

1980இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் புதிரை எடுத்து ஒரு நல்ல வேலை செய்தார்கள். புதிரைக் கொடுக்க முதல் மாணவர்களுக்கு ஒரு கதையை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு தளபதி ஒரு கோட்டையைப் பிடிக்க வருகிறான். கோட்டைக்குப் பல திசைகளில் இருந்தும் பாதைகள் இருக்கின்றன. எல்லாப் பாதையிலும் கண்ணிவெடி. சின்னக் குழு போனால் வெடிக்காது, பெரும் படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து எல்லாப் பாதையாலும் ஒரே நேரத்தில் அனுப்பிக் கோட்டை வாசலில் ஒன்று சேர்க்கிறான். கதை அவ்வளவுதான். விடையைக் கையில் தந்த மாதிரி இல்லையா?

கதையை வாசிக்காதவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவர்தான் கதிர்ப் புதிரை அந்த வழியில் தீர்த்தார்கள். கதையை வாசித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில் தீர்த்தார்கள். "முன்னர் வாசித்த கதை உங்களுக்கு உதவக்கூடும்" என்று ஒரேயொரு வசனம் சொன்னதும் நாலுக்கு மூன்று பேர் தீர்த்துவிட்டார்கள்.

இந்த எண்களை நான் முதன்முதலில் பார்த்த இரவு கன நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு மூன்றுக்கும் நாலுக்கு மூன்றுக்கும் இடையில் இருக்கிற அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கதை அவர்களுக்குத் தெரியும். கதையில் இருந்து விடையை எடுக்கவும் தெரியும். யாராவது "அதைப் பார்" என்று சொன்னால் உடனே எடுக்கிறார்கள். சொல்லாவிட்டால் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான். உங்கள் வகுப்பிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலிக் கணக்கைக் கொடுத்துவிட்டு "தொட்டிக் கணக்கை நினைத்துப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தால் அரைவாசிப் பேனை வாயில் இருந்து இறங்கியிருக்கும்.

ஏன் ஞாபகம் வருவதில்லை? இதற்கு விடை சொல்ல எனக்கு ஆங்கிலப் புத்தகங்களைவிடத் தொல்காப்பியம்தான் கைகொடுத்தது. உவமவியலில் உவமை பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் நாலாகப் பிரிக்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் அது வினை. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயன். உடுக்குப் போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பொன் மேனி என்றால் உரு, அதாவது நிறம். அவர் செய்யுளுக்காகச் சொன்னது. ஆனால் கணக்குச் செய்கிற பிள்ளையின் தலைக்குள் நடப்பதையும் இதே நாலு சொல்லால் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

மனிதருடைய ஞாபகம் பெரும்பாலும் மெய்யையும் உருவையும் பிடித்துக்கொண்டு ஓடும். தொட்டி என்றால் தொட்டி ஞாபகம் வரும். வேலி என்றால் கதியாலும் கிடுகும் ஞாபகம் வரும், தொட்டி வராது. பிரச்சினையைத் தீர்ப்பதோ வினையும் பயனும். எது எதைச் செய்கிறது, எது கூடினால் எது கூடுகிறது, எது எதைத் தடுக்கிறது என்கிற பொருத்தம் அது. அமெரிக்க உளவியலாளர் டெட்ரி கெண்ட்னர் 1983இல் வெளியிட்ட கோட்பாடு சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். நல்ல ஒப்புமையில் பொருள்களின் தோற்றம் பொருந்த வேண்டியதில்லை, பொருள்களுக்கு இடையில் உள்ள உறவுகள் பொருந்த வேண்டும். கோட்டையும் வயிற்றுக் கட்டியும் பார்வைக்கு ஒன்றா? இல்லை. ஆனால் "ஒரே வழியால் பலமாகப் போனால் வழி கெடும், பல வழியால் மெல்லப் போய்ச் சேர்ந்தால் இலக்கில் மட்டும் பலம் கூடும்" என்ற உறவு இரண்டிலும் அச்சொட்டாக ஒன்று.

பழகப் பழக இந்தக் கண் மாறும். 1981இல் மிக்கலின் சீயும் அவருடன் சேர்ந்தவர்களும் பௌதிகக் கணக்குகளைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு குவியலாகவும் சுருளிவில் கணக்குகளை இன்னொரு குவியலாகவும் வைத்தார்கள். துறைபோனவர்கள் சக்திக் காப்பு ஒரு குவியல், நியூற்றனின் இரண்டாம் விதி ஒரு குவியல் என்று வைத்தார்கள். உரு பார்த்த கண்ணுக்கும் வினை பார்த்த கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இனி எங்கள் ஊரில் கண்ட இரண்டு விசயங்கள். ஆய்வுகூடத்துக்கு வெளியே, உண்மையான நெருக்கடியில் ஆட்கள் எப்படி ஒப்பிட்டு யோசிக்கிறார்கள் என்பதற்கு இவற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த 90களின் முதல் பாதி. கரன்ட் இல்லை. பெற்றோல் போத்தல் கணக்கில், யானை விலைக்கு. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனால் பெற்றோல் மாதிரி அவ்வளவு மோசமில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவர் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார். யாழ்ப்பாணம் முழுக்க அப்படி ஓடியது, அவர்தான் முதல் ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. எப்படி யோசனை வந்தது என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "தோட்டத்து மெசின் அப்பிடித்தானே ஓடுது மாஸ்ரர்" என்றார்.

அது சரிதான். எங்கள் தோட்டக்காரருக்கு இறைப்பு மெசினைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது நாளாந்த வேலை. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். இதை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார் அவ்வளவுதான். கையடக்கமான ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும், சூடேறும், பிறகு தாங்கியில் உள்ள மண்ணெண்ணெய் தன் பாட்டில் எரியும். ஆனால் மெசின் போல என்று நினைத்த இடத்திலேயே அவர் நிற்கவில்லை. மெசினை விட மோட்டார் சைக்கிளில் அமுக்கம் கூட, மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் இடித்தது. அதற்கு எஞ்சின் தலைக்குக் கீழே இடையில் வைக்கும் தகடான கஸ்கெற் ஒன்றைக் கூடப் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார். ஒப்புமை எந்த இடம் வரைக்கும் வரும், எந்த இடத்தில் பிசகும் என்று அவருக்குக் காதாலேயே தெரிந்தது.

இரண்டாவது எங்கள் வீட்டில் நடந்தது. ரேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது. இரவில் பிபிசி தமிழோசை கேட்காமல் அப்பாவுக்கு நித்திரை வராது. என் தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ரேடியோவுக்கு நாலு பற்றரி, ஆறு வோல்ற். டைனமோவும் ஆறு வோல்ற். லைற் இருந்த இடத்தில ரேடியோவைக் கொழுவினாச் சரி." கொழுவினான். பெடலைக் கையால் சுற்றினான். ரேடியோவில் இருந்து செய்தி வரவில்லை, மாட்டுவண்டிச் சில்லு இரைவது போல ஒரு இரைச்சல்தான் வந்தது.

இந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருக்கும் விசயம், அவன் அதைக் கைவிடவில்லை. லைற்றும் ரேடியோவும் எதில் வேறு என்று யோசித்தான். டைனமோவில் வருவது ஆடலோட்டம், முன்னும் பின்னும் மாறி மாறிப் போகும். மின்குமிழுக்கு அது ஒரு பொருட்டில்லை, எந்தப் பக்கம் போனாலும் இழை சூடாகும், எரியும். ரேடியோவுக்கு ஒரே திசையில் போகும் நேரோட்டம் வேண்டும். பழைய ரேடியோ ஒன்றை உடைத்து ஒரு டயோட்டும், பாடப்புத்தகத்தில் இருவாயி என்று வருவது, ஒரு கொள்ளளவியும் கழற்றி இடையில் பூட்டினான். அன்றிரவு அப்பா செய்தி கேட்டார். நாங்கள் முறை வைத்துப் பெடல் சுற்றினோம். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்.

கவனித்தீர்களா, இரண்டு பேரும் தூரத்தில் போய் எதையும் தேடவில்லை. ஒரு எஞ்சினுக்கு இன்னொரு எஞ்சின், லைற்றுக்கு ரேடியோ. கெவின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990களில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடங்களில் போயிருந்து, விஞ்ஞானிகள் தங்களுக்குள் கதைப்பதைப் பதிவு செய்தார். அவர்கள் ஒப்புமைகளை அடிக்கடி பாவிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பக்கத்து ஒப்புமைகள். இந்தக் கிருமியில் வந்த சிக்கலுக்கு அதே மாதிரியான இன்னொரு கிருமியில் முன்பு செய்ததை எடுக்கிறார்கள். தூர ஒப்புமைகள், சூரியக் குடும்பத்தையும் அணுவையும் ஒப்பிடுவது போன்றவை, கண்டுபிடித்ததை மற்றவருக்கு விளங்கப்படுத்தத்தான் கூடுதலாகப் பயன்பட்டன. பிள்ளைகளிடம் திடீரெனத் தூரப் பாய்ச்சலை எதிர்பார்ப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது இதை வாசித்த பிறகுதான்.

தூரப் பாய்ச்சல் நடப்பதே இல்லை என்றும் இல்லை. 1761இல் லெயோபோல்ட் அவுன்புருக்கர் என்ற ஒஸ்திரிய வைத்தியர் நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்து உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று அறியும் முறையை வெளியிட்டார். அவர் ஒரு சத்திரக்காரரின் மகன். வைன் பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைச் சின்ன வயதில் கண்டவர், அதில் இருந்துதான் யோசனை வந்தது என்பார்கள். எங்கள் ஆச்சிமார் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதும் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் அதே வினைதான். பீப்பாயும் நெஞ்சும் உருவில் வேறு, தட்டினால் உள்ளிருப்பதைச் சொல்வதில் ஒன்று.

சரி, அடுத்த சிக்கலுக்கு வருகிறேன். ஞாபகம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வந்த ஒப்புமை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லுமா? நீங்கள் விஞ்ஞானமும் படிப்பிப்பதால் இது உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

மின்சுற்றைப் படிப்பிக்கும்போது நாங்கள் எல்லாரும் தண்ணீரைத்தான் சொல்கிறோம். மின்கலம் உயரத்தில் இருக்கும் தாங்கி, மின்னோட்டம் குழாயில் ஓடும் தண்ணீர், தடை ஒடுங்கின குழாய். 1983இல் கெண்ட்னரும் அவருடன் இன்னொருவரும் செய்த ஆய்வில், தண்ணீரை வைத்து யோசித்த மாணவர்களையும் ஓடும் சனக்கூட்டத்தை வைத்து யோசித்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். தண்ணீர்க்காரர் மின்கலக் கணக்கில் நன்றாகச் செய்தார்கள். சனக்கூட்டக்காரர் தடைக் கணக்கில் நன்றாகச் செய்தார்கள்.

ஏன் என்று நல்லூர்க் கோயிலில் வைத்துப் பாருங்கள். தேர் நாளில் வீதியில் தடுப்புப் போட்டு, ஒரு ஆள் போகக்கூடிய ஒரு வழி மட்டும் விட்டிருந்தால் சனம் தேங்கும். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு வழியைத் திறந்தால் இரண்டு மடங்கு சனம் போகும். சமாந்தரமாக இன்னொரு தடையைச் சேர்த்தால் மொத்தத் தடை குறையும் என்பதைப் பிள்ளை ஒரு கணத்தில் கண்டுகொள்ளும். "தடையைக் கூட்டினால் தடை கூடத்தானே வேண்டும்" என்ற குழப்பம் வராது. ஆனால் இரண்டு மின்கலத்தைத் தொடராக வைத்தால் என்ன, சமாந்தரமாக வைத்தால் என்ன என்று கேட்டால் சனக்கூட்டத்துக்குப் பதில் இல்லை. அங்கே தாங்கிதான் வேண்டும். ஒரு தாங்கிக்கு மேல் இன்னொரு தாங்கியை ஏற்றினால் உயரம் கூடும், தண்ணீர் வேகமாக வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரம் அதேதான், கன நேரத்துக்குப் போதும், வேகம் கூடாது. ஒரு ஒப்புமையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாடம் முழுவதையும் படிப்பிக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிழையான ஒப்புமை பரீட்சையில் புள்ளியை மட்டும் எடுக்கும் என்றால் பரவாயில்லை. எங்கள் மண்ணில் அது கிணற்றையே எடுத்துவிடும். இதை ஒரு வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அராலிப் பக்கம் என் சித்தப்பா ஒருவருக்குத் தோட்டக் கிணறு. நல்ல தண்ணீர், வெங்காயமும் மிளகாயும் செய்தார். ஒரு கோடையில் தண்ணீர் கொஞ்சம் சவராகப் பட்டது. அவருடைய தலைக்குள் நிலத்தடி நீர் என்பது ஒரு பெரிய தொட்டி. தொட்டியில் நீர் குறைந்தால் என்ன செய்வோம்? இன்னும் கீழே வாளியை விடுவோம். ஆகவே ஆழமாகக் குழாய்க் கிணறு அடித்து, பெரிய மோட்டர் பூட்டினார். இரண்டு வருடத்துக்குள் அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மிதக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான சொல். நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல் தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி நிற்கும். கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு இது, நூறு வருடத்துக்கு மேல் பழையது. எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் சரியாக 40 என்று வராது. ஆனால் விசயம் அதுதான்.

ஆகவே சரியான ஒப்புமை தொட்டி இல்லை, தம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி. ஐஸ் கட்டியில் மேலே தெரிவது கொஞ்சம், கீழே இருப்பது கனக்க. மேலே சுரண்டி எடுத்தால் அடி உயர்ந்து வரும். கிணற்றில் நீர் மட்டம் ஒரு அடி நிரந்தரமாக இறங்கினால் கீழே உப்புத் தண்ணீர் 40 அடி ஏறி வருகிறது. சித்தப்பா ஆழமாகப் போனது தண்ணீரைத் தேடி அல்ல, உப்பை எதிர்கொண்டு.

ஆனால் ஐஸ் கட்டியும் எல்லாவற்றையும் சொல்லாது. ஒரு பெரிய மோட்டர் ஒரே இடத்தில் வேகமாக இழுக்கும்போது, சரியாக அந்தக் கிணற்றுக்குக் கீழே மட்டும் உப்பு கூம்பு போல எழும்பும். இதற்கு ஐஸ் கட்டியில் இடமில்லை. இதை விளங்கப்படுத்த நான் சர்பத்தைப் பாவிப்பேன். கலக்காத நன்னாரி சர்பத்தில் பாணி அடியில் நிற்கும். ஸ்ரோவைப் பாணிக்குக் கொஞ்சம் மேலே பிடித்து மெல்ல உறிஞ்சினால் மேல் தண்ணீர் வரும். ஒரே இழுவையாக இழுத்தால் அடியில் இருக்கும் பாணி எழும்பி வந்துவிடும். கரையோரத்தில் கிணறு வைத்திருப்பவர் ஆழம் குறைந்த கிணற்றில் மெல்ல மெல்ல, விட்டு விட்டு இறைக்க வேண்டும் என்பது இதில் இருந்து தானாக வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்தக் கட்டுப்பாடு உடம்புக் களைப்பிலேயே இருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை. இதையெல்லாம் சித்தப்பா குழாய்க் கிணறு அடிக்க முதல் அவரோடு இருந்து கதைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு மனம் அடிக்கும்.

இனி உங்கள் வகுப்பு. இவ்வளவு எழுதினது அதற்காகத்தான்.

நாலு தொட்டிக் கணக்குச் செய்து காட்டினீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாலும் தொட்டி. பிள்ளையின் ஞாபகத்தில் அது தொட்டி என்ற பெயரில்தான் பதிந்திருக்கும். கிக்கும் ஹோலியோக்கும் 1983இல் இன்னொன்று கண்டார்கள். ஒரே அமைப்புள்ள இரண்டு வேறு வேறு கதைகளைக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒற்றுமையை எழுதச் சொன்னால், பிறகு வரும் புதுப் புதிரில் அது நன்றாகக் கைகொடுக்கிறது. ஒப்பிட வைப்பதுதான் இதில் முக்கியம். ஒன்றுக்குப் பிறகு ஒன்றாகத் தனித்தனியே வாசிக்க விட்டால் அந்தளவு பயன் இல்லை.

அதனால் நாலு தொட்டிக்குப் பதிலாக ஒரு தொட்டி, ஒரு வேலி. ஒரே நாளில், கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில். ஒரு குழாய் 6 மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது 3 மணித்தியாலத்தில் நிரப்பும். அண்ணன் 6 நாளில் அடைப்பான், தம்பி 3 நாளில் அடைப்பான். இடையில் ஒரு கோடு. "இந்தப் பக்கம் குழாய் செய்கிற வேலையை அந்தப் பக்கம் யார் செய்கிறார்? தொட்டிக்கு எதிரே என்ன வரும்? மணித்தியாலத்துக்கு எதிரே?" என்று கேட்டுக் கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் கோடிழுத்து இணையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஆறில் ஒரு பங்கும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து அரைப் பங்கு, ஆகவே 2 மணித்தியாலம். அந்தப் பக்கம் அதே அரைப் பங்கு, 2 நாள். பிறகு "இரண்டிலும் என்ன நடக்கிறது, குழாய் என்றோ வேலி என்றோ சொல்லாமல் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கஷ்டப்படுவார்கள், விடுங்கள். "தனித்தனியச் செய்யிற வேகத்தைக் கூட்டுறம்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை பொறுத்திருப்பது அந்தப் பாடத்தின் பெறுமதியான பகுதி. அதை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

அதோடு "எங்கே பிசகும்?" என்றும் கேளுங்கள். இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று குழப்பாது. அண்ணனும் தம்பியும் ஒரே இடத்தில் நின்று வேலி அடைத்தால் கதையிலேயே அரை நாள் போய்விடலாம். ஆறு பேர் சேர்ந்தால் இன்னும் கெதியாக முடியுமா, இல்லை ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்களா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள்.

பரீட்சையில் "முன்னர் வாசித்த கதை உதவக்கூடும்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. அதைப் பிள்ளை தனக்குத் தானே கேட்கப் பழக வேண்டும். கணிதமேதை போலியா 1945இலேயே, புதுக் கணக்கைக் கண்டால் இதற்கு உறவான கணக்கொன்று தெரியுமா என்று கேட்கச் சொன்னார். என் வகுப்பில் பென்சிலைத் தொட முதல் ஒரு நிமிடம் இதைக் கேட்கும் பழக்கம் வைத்திருந்தேன். அதோடு பயிற்சித் தாளில் ஒரே அலகுக் கணக்குகளை வரிசையாகக் கொடுப்பதை நிறுத்தினேன். வரிசையாக இருந்தால் தலைப்பே எந்த முறை என்று சொல்லிவிடும், பிள்ளைக்கு ஞாபகத்தில் தேடுகிற வேலையே இல்லாமல் போகும். கலந்து கொடுத்தபோது முதல் இரண்டு மாதம் புள்ளிகள் குறைந்தன, தாய் தகப்பன்மார் வந்து கேட்டார்கள். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. வேலிக் கணக்கை அப்படிச் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகு, தரம் 11 விஞ்ஞான வகுப்பில் 6 ஓம் தடையையும் 3 ஓம் தடையையும் சமாந்தரமாக வரைந்து மொத்தத் தடை என்ன என்று கேட்டேன். சூத்திரம் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வாங்கில், கணக்குப் பாடத்தில் வாய் திறக்காத ஒரு பொடியன் படத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை உயர்த்தாமலே சொன்னான்: "சேர், இது எங்கட வேலியெல்லே? ரெண்டு ஓம்."